கல்யாணக் காலில் வந்தது

நாற்காலியில் சம்பந்தி, மகள் தமயந்தியின் மாமனார். கட்டில் ஓரத்தில் சம்பந்தியம்மா. சமையலறை வாசலில், தரையில், மனைவி. தமயந்தியின் அப்பா, அவர், ஸ்டூலில்.

நடுவில் டீப்பாய். லட்டுத் தட்டு. பக்கத்தில் ஓர் இலை.

இலை என்று சொல்ல முடியாது. காம்பு கட்டைவிரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. மேலெல்லாம் முடிச்சு முடிச்சாகச் சதை.

தை மாதக் கல்யாணத்துக்கு நட்ட காலில் பறித்தது. கால், கல்யாண முருங்கைக் கொம்பு. சம்பந்தி தன் தோட்டத்தில் வெட்டி மலைக்குக் கொண்டுவந்தது. சடங்கு முடிந்ததும் கொல்லையில் ஊன்றினார்கள். அது துளிர்த்தால் பெண்ணும் துளிர்ப்பாள்.

துளிர்த்தது. தமயந்திக்கு இது மூன்றாம் மாதம். லட்டு அதற்குத்தான்.

அவர் பிளேடால் ஒரு முடிச்சைக் கீறினார்.

உள்ளே அறை அறையாக. அறைக்கு ஒரு புழு. வெள்ளை. காலில்லை, கண்ணில்லை. ஒன்று கொழகொழவென்று நெளிந்து டீப்பாயில் விழுந்தது.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"லட்டு கொண்டாந்தா புழுவக் காட்டுறீங்களே, சம்பந்தி" என்றார் மாமனார்.

விவசாய ஆபீஸில் கேட்டுவந்ததை அவர் வரிசையாகச் சொன்னார். வேறு நாட்டிலிருந்து வந்த குளவி. எள்ளில் பாதிகூட இருக்காது. குருத்தில் முட்டையிடும். குருத்து வீங்கி அதற்கு வீடாகும். புழு உள்ளேயே தின்னும், உள்ளேயே வளரும். இருபதாம் நாள் துளைபோட்டுப் பறக்கும். அடுத்த மரத்துக்கு.

அடுத்த மரம் பத்தடியில். அதற்கு மேலே அறுநூறு கல்யாண முருங்கை. ஒவ்வொன்றையும் பிடித்து ஏறிய மிளகுக்கொடி. மரம் பட்டுப்போனால் கொடி சரியும். அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

"பிடுங்கி எரிச்சிரணும்" என்றார்.

சம்பந்தியம்மா லட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வயித்துப் பிள்ளைக்காரி. அவ கல்யாணக் காலை யாராச்சும் பிடுங்குவாங்களா? பெத்து எந்திரிக்கட்டும். தினம் கேக்குறா, கால் எப்படியிருக்குன்னு."

இன்னும் ஆறு மாதம். இருபது நாளுக்கு ஒரு தலைமுறை.

ஒன்பது.

சரி என்று தலையாட்டினார்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். காலைப் பிடுங்கினார். மண்ணெண்ணெய் ஊற்றினார். முடிச்சுகள் ஒவ்வொன்றாக வெடித்தன. ஈரச் சத்தம். மயிர் கருகுகிற வாடை.

மதியச் சோறு வேண்டாம் என்றுவிட்டார்.

போனில் அவருக்குப் பொய் வராது. குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

அன்புள்ள தமயந்திக்கு, நான் நலம், அம்மா நலம். கல்யாணக் கால் நன்றாக இருக்கிறது. புதுத் துளிர் விட்டிருக்கிறது.

உறை ஓரத்தில் பசை தடவினார். பசையில் ஒரு கறுப்புப் புள்ளி. சட்டையிலிருந்து விழுந்திருக்கும்.

புள்ளி இறக்கையைப் பிரித்தது.

தொட்டு எடுக்க அருவருப்பாக இருந்தது. மடிப்பை அதன்மேல் மடக்கி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

தபால்பெட்டிக்குத் தோட்டத்து வழியாகத்தான் போகவேண்டும்.

ஒரு மரத்தின் குருத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் போய், கடிதத்தைப் போட்டார்.