நிற்காத வண்டியின் குளிர்

எளாவூர் ஸ்டேஷனில் ஒருநாளும் நிற்காத கல்கத்தா எக்ஸ்பிரஸ், இன்று சிக்னல் கிடைக்காமல் நிற்கிறது. இதற்கு வழிவிட்டு மெட்ராஸ் பாசஞ்சர் எங்கோ பின்னால் காத்துக்கிடக்கிறது. அதில் போகவேண்டிய மீன்காரி இருசம்மாளின் கூடையில், ஏரி இறால் வெயிலுக்கு நிறம் மாறத் தொடங்கிவிட்டது. கருப்புக் கண்ணாடி போட்ட பெட்டியின் கதவைத் திறந்து, வெள்ளைச் சட்டை ஊழியர் ஒருவர் சிக்னலை எட்டிப் பார்க்கிறார். உள்ளிருந்து இறங்கிவரும் குளிர் இருசம்மாளின் முகத்தில் படுகிறது. அவள் வாயைத் திறந்தபடி நிற்கிறாள். "அடியே கோவிந்தம்மா, உள்ள ஐஸ் கொட்டி வெச்சிருக்காங்கடி!" பக்கத்துக் கூடைக்காரி சிரிக்கிறாள். "மனுசாளுக்கு இன்னாத்துக்குடி ஐஸு? கெட்டா பூடுவாங்க?" இருசம்மாள் சிரிக்கவில்லை. படிக்கட்டை நெருங்குகிறாள். "நைனா, நான் ஏறல. கூடைய மட்டும் ஏத்திக்கயேன். சென்ட்ரல்ல என் தங்கச்சி எறக்கிக்குவா." ஊழியர் மூக்கைச் சுளிக்கிறார். "மீன் கூடையா? நாறும்மா, தள்ளி நில்லு." அவள் ஓரடி தள்ளி நிற்கிறாள். அவர் மறுபடி சிக்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்; கதவு திறந்தேயிருக்கிறது. குளிரும் வந்துகொண்டேயிருக்கிறது. இருசம்மாள் அதைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறாள். பிறகு கூடைமேல் கிடந்த சாக்கை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, கூடையைத் தூக்கி வாசலுக்கு நேராக நீட்டிப் பிடிக்கிறாள். இறாலின் மீசைகள் அந்தக் காற்றில் மெல்ல அசைகின்றன. சிக்னல் விழுகிறது. வண்டி நகர, நீட்டிய கூடையை இறக்காமல் அவளும் கூடவே நடக்கிறாள், பிளாட்பாரம் முடிகிற வரைக்கும்.