புறக்குடி

சட்டக் கல்லூரியில் படிக்கும் மகளுக்கு மறுநாள் பரீட்சை. வாசலில் தன் பெயர்ப்பலகையைப் பளபளவென்று மாட்டி வைத்திருக்கும் வக்கீல் அப்பா, பழைய நிலச் சட்டத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்குடின்னா யாரு?"

"நிலத்துல நிலையான உரிமை உள்ளவன். நினைச்ச மாத்திரத்துல அவனைக் கிளப்ப முடியாது."

"புறக்குடி?"

"நிலத்துக்காரர் இருன்னா இருக்கணும், போன்னா மூட்டை கட்டணும்."

"ஒரு உதாரணம் வச்சுக்கோ, மறக்காது."

மகள் பின்னறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "நம்ம அத்தைதான்!"

தேநீரோடு வந்த அத்தை அப்படியே நின்றாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவர் புத்தகத்தில் எதையோ தேடினார்.

"பொருத்தமான உதாரணந்தான்டி" என்று அத்தை தம்ளரை வைத்தாள். மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டாள்.

அப்பாவுக்குத் தலை நிமிரவில்லை.

"இந்த வீடு உன்னோடதுன்னு நீயாவது அவகிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா, நாளைக்குப் பரீட்சையில உன்னையில்லடா உதாரணமா எழுதிட்டு வருவா?"