வெள்ளிக்கிழமைத் திருட்டு

"மிஷினை நிறுத்து. உன் அடையாள அட்டையைக் கொடு."

எக்ஹார்ட் திரும்பிப் பார்த்தான். சூப்பர்வைசர் ரைன்ஹில்டா கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"வெள்ளிக்கிழமை நம்ம பிரிவுக்கு வேலை உண்டா?"

இல்லை. அவர்கள் வேலை பார்த்த பம்ப் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்ததிலிருந்து வியாழனோடு சரி. யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல் எல்லோருக்கும் வேலை நேரத்தைக் குறைத்திருந்தார்கள். வெட்டுப்பட்ட சம்பளத்தில் பாதிக்கு மேல் அரசாங்கம் ஈடுகட்டியது. ரொய்ட்லிங்கன் ஊரில் பலரும் தப்பித்தோம் என்று மூச்சுவிட்டார்கள்.

எக்ஹார்ட்டுக்கு மட்டும் பயம் போகவில்லை. கடைசியாகச் சேர்ந்தவன் அவன். நாளைக்கே ஆள்குறைப்பு என்று வந்தால் முதலில் போவதும் அவன்தான். அதற்குள் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும். லாரிகளுக்காகத் திறந்திருந்த வாசலில் நைசாக நுழைந்து, மிச்சமிருந்த பம்ப் மூடிகளைக் கடைசல் மிஷினில் கடைந்துகொண்டிருந்தான்.

"சும்மாதான் செய்யறேன். சம்பளம் கேக்கலையே," என்றான்.

"வேலை இல்லைன்னு எழுதிக் கொடுத்துதானே அரசாங்கப் பணம் வாங்கறோம்? நீ இங்க வேலை பார்த்தா அது மோசடி. மாட்டினா அத்தனை பேர் பிழைப்பும் போச்சு. அட்டையை வச்சுட்டு வெளிய போ."

கொஞ்சம்கூட ஈரமில்லாத பொம்பளை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான்.

மனைவி மார்லீஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஊர்ல வேலை செய்யாம மாட்டுவாங்க. நீ செஞ்சு மாட்டியிருக்கே."

அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் முன்னால் நடைபாதையைச் சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு வீட்டாரும் முறைவைத்துப் பெருக்க வேண்டும்; அந்த வாரம் அவர்கள் முறை. பெருக்கிய இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கினான். வேலை போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டான்.

திங்கள் காலை, கம்பெனி வாசலில் காவலாளி வெண்டலின் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வைத்தார்.

"உன்னுதைத் தேடி எடுத்துக்கோ."

டப்பா நிறைய அட்டைகள். அவன் பிரிவில் பாதிப் பேர் அதில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேலையிலேயே நரைத்துப்போன பழைய ஆட்கள்கூட இருந்தார்கள்.

"இத்தனை பேரா?"

"ஆளுக்கொரு மூலையில ஒளிஞ்சுக்கிட்டு வேலை பார்த்திருக்கீங்க. அந்தம்மா ஒவ்வொருத்தரா தேடிப்பிடிச்சுத் துரத்தினாங்க. ஆபீஸுக்குச் சொல்லவேண்டாம்னும் சொல்லிட்டாங்க."

"அப்ப என் வேலை?"

"அது எங்க போகுது? உள்ள போ."

பயந்தது தான் மட்டும் இல்லை என்பதே எக்ஹார்ட்டுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. தன் அட்டையை எடுத்துச் சட்டையில் மாட்டியபோதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை ரைன்ஹில்டாவுக்கும் விடுமுறைதானே?

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"வெண்டலின்," ரைன்ஹில்டா யார் முகத்தையும் பார்க்காமல் கையை நீட்டினார். "அடியில இருக்கறது என்னுது."