செருப்பு வரிசை

சுகாதார நிலைய வாசலில் செருப்புகள் வரிசையில் நிற்கின்றன; சொந்தக்காரிகள் மாமர நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசிச் செருப்பு சோல்வேயுடையது. சிட்டெங்கே துணியால் முதுகோடு கட்டிய மகள் காய்ச்சலில் கொதித்து அழுகிறாள். ஒருத்தி உள்ளே போய்வரும் நேரத்தை முன்னால் கிடக்கும் செருப்புகளால் பெருக்கினால் காத்திருக்கும் நேரம் கிடைத்துவிடும். சோல்வேயும் அப்படித்தான் கணக்குப் போடுகிறாள். "உச்சி வெயிலுக்குள்ள உள்ள போயிடலாம்க்கா." பக்கத்திலிருப்பவள் சிரிக்கிறாள். "அடி போடி! அந்த நீலச் செருப்பு என்னோடது. எனக்கு நாலு பிள்ளைங்க, நாலுக்கும் சேர்த்து ஒரே செருப்பு. இங்க எல்லாருக்கும் அப்படித்தான்." மர நிழல் முழுக்கப் பிள்ளைகள் இருமுகிறார்கள். "என்னை முன்னாடி விடுவாங்களாக்கா?" "யாரு பிள்ளைக்கு இங்க காய்ச்சல் இல்ல?" கதவு திறக்கிறது. எல்லோரும் எழுந்துபோய்த் தங்கள் செருப்பை ஓரடி நகர்த்துகிறார்கள். சோல்வேயும் குனிந்து நகர்த்துகிறாள். முதுகில் மகளின் அழுகை நின்றுபோயிருக்கிறது.