சம்பள விருந்து

பேராவூரணி மண்டபத்தில் மொய் மேஜைக்குப் பின்னே நடுவில், கழுத்தில் மாலையோடு சுடர்விழி உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கம் கணினியில் மொய் எழுதும் ரெத்தினம் மாமா. இடப்பக்கம் பண அண்டாவை அணைத்தபடி அம்மா நீலாம்பாள். பின்னால் ஜன்னலோரம், தரங்கம்பாடியிலிருந்து வந்திருந்த தோழி இர்ஃபானா.

"மாலை, மேளம், கறிச்சோறு எல்லாம் இருக்கு. மாப்பிள்ளை எங்கடி?" என்று இர்ஃபானா காதைக் கடித்தாள்.

யார் செய்தது, யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது என்று மொய்க் கணக்கை நொடியில் காட்டும் மென்பொருள் சுடர்விழி எழுதியது. சிடியில் போட்டு இலவசமாகவே கொடுத்தாள். சுற்றுவட்டாரத்தில் அது இல்லாமல் மொய் விருந்தே இல்லை. அவளுக்குத்தான் வருமானம் இல்லை.

சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று வேலைக்குக் கூப்பிட்டது. ஊர்க்காரர்கள் பதறிப்போனார்கள். "நீ போயிட்டா இதை யாரு பாக்குறது? உன் உழைப்புக்கு நாங்க செய்யிறோம் பாப்பா." அதற்குத்தான் இந்த விருந்து.

அண்டா நிரம்பியது. ரெத்தினமும் தன் பங்கைப் போட்டுவிட்டுத் தன் பெயரைத் தட்டினார்.

"மாமா, மொய்யுன்னு ஏத்தாதீங்க. சம்பளம்னு போடுங்க."

"அப்படி ஒரு கட்டமே நீ வைக்கலையே பாப்பா! பேரு, ஊரு, தொகை. அவ்வளவுதானே கேக்குது உன் மிஷினு?"

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஆவணியில எங்க வீட்டு விருந்து, மறந்துராத" என்றார் ஒருவர். "ஆனியிலயே எங்களது" என்றார் இன்னொருவர். சுடர்விழி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே எம்புள்ள எங்கயும் போவாது" என்று நீலாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பந்தி முடிந்ததும் சுடர்விழி சிங்கப்பூருக்குப் பதில் எழுதினாள். உறையிலிட்டு, ஓரம் பிரியாமல் அழுத்தி ஒட்டி, பஸ் ஏறிவிட்ட இர்ஃபானாவிடம் ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"பட்டுக்கோட்டையில கூரியர்ல போட்டுரு."

"வரலைன்னு எழுதிட்டியா?"

"வர்றேன்னு எழுதியிருக்கேன்."

"லூசாடி நீ? அதான் ஊரே சேந்து சம்பளம் குடுத்துருச்சே! அப்புறம் எதுக்கு சிங்கப்பூரு?"

பஸ் நகர்ந்தது. கடிதம் இர்ஃபானாவின் கைப்பைக்குள் போய்விட்டிருந்தது.

"அந்தச் சம்பளத்தைத் திருப்பிக் குடுக்கத்தான்டி."