நாலு விரற்கடை ரப்பர்

"இந்த வீலை மாட்டுனா இடுப்பு நொறுங்கிப் போகும் கர்ணா. பெறகு என்னையச் சொல்லக் கூடாது."

சுந்தர்ராஜ் ஜாக்கியில் கை வைத்தபடி நின்றார். தேனியில் இருபது வருடமாக டயர் கடை. இரும்பு ராடு பிடித்துப் பிடித்து உள்ளங்கை செருப்புத் தோலாகிவிட்ட மனிதர். மற்ற விஷயத்தில் எப்படியோ, டயர் விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார்.

கர்ணன் டிரைவர். முதலாளியின் காருக்குள் நான்கு அலாய் வீல்களை டயரோடு அடைத்துக் கொண்டுவந்திருந்தான். முதலாளி மகன் கோயம்புத்தூரில் ஆசைப்பட்டு வாங்கியவை.

"பழசு பதிமூணு இஞ்சு. சைடுல ஏழு வெரக்கடை ரப்பர் நிக்கிது. பள்ளம் வந்தா அது அமுங்கி வாங்கிக்கிரும். இது பதினாறு இஞ்சு. ரிம்மு பெருசு, ரப்பரு நாலு வெரக்கடைதேன். வளைவுல சாயாம நிக்கும், கம்பம்மெட்டு மலை ஏறி எறங்க நல்லாருக்கும். ஆனா பள்ளத்துல விழுந்தா அடி நேரா ஆளுக்குத்தேன்."

"முன் சீட்டுக்கா, பின் சீட்டுக்காண்ணே?"

"பின் சீட்டுக்குத்தேன் சாஸ்தி. முத்துப்பேச்சிக்கு இது எத்தனாவது மாசம்?"

"ஏழு."

சுந்தர்ராஜ் ராடைக் கீழே போட்டார். முத்துப்பேச்சி கர்ணனின் மனைவி. போன பிரசவத்துக்கு, மயிலாடும்பாறைக்கு மேலே இருக்கும் ஊரிலிருந்து ஆட்டோவில் கிளம்பியவள். ஊர் ரோட்டில் ஆட்டோ தவளை மாதிரி குதித்துக் குதித்து, ஆஸ்பத்திரி வந்து சேர மூன்று மணி நேரம். பிள்ளை தங்கவில்லை.

"கிறுக்குப்பயலே, அவளக் கூட்டிட்டு வரணும்னா பழைய டயர விட்டுத் தொலைய வேண்டியதுதானடா."

"எனக்கு எவன் காரு குடுப்பான்? இந்தத் தடவையும் அவ ஆட்டோலதேன் வரணும். அதே ரோட்டுல."

"மொதலாளி மாட்டச் சொன்னாகளா?"

"அடுத்த வாரம் பாத்துக்கிருவோம்னாக. நாந்தேன் இன்னைக்கே மாட்டணும்ங்கேன்."

"வேலை போயிரும்டா. பெறகு புள்ள பெத்தவளுக்குக் கஞ்சி யாரு ஊத்துவா?"

கர்ணனே ராடை எடுத்து நட்டைத் தளர்த்தத் தொடங்கினான். பிடித்த பிடியில் வேறு பேச்சுக்கு இடமில்லை. சுந்தர்ராஜும் குனிந்தார். நான்கும் ஏறின. கார் ஜோராகத்தான் இருந்தது.

"காத்து முப்பது வைக்கட்டா?"

"நாப்பது வைங்க."

"பலகையில ஒக்காந்த மாதிரி இருக்கும்டா. எவன்டா அந்தப் பாவி?"

"மதுரையில இருந்து ஒரு சார் நாளைக்கு வாராக. அவுகள எங்க ஊர்ப் பக்கம் கூட்டிட்டுப் போகணும். பின் சீட்டுலதேன் ஒக்காருவாக."

"அந்த மனுசன் மேல என்னடா கோவம்?"

"கோவம் எதுக்குண்ணே? டிரைவருக்கும் ஒரு டீ வாங்கிக் குடுக்கச் சொல்ற மனுசன்."

சுந்தர்ராஜுக்குச் சலித்துவிட்டது. கழற்றிய டயர்களைச் சுவரோரம் அடுக்கினார். நான்கும் ரப்பர் பட்டன்கூடத் தேயாமல் புதுசாக இருந்தன.

"இதைக் கழட்டுனதுக்கு மொதலாளி கேட்டா என்னடா சொல்லுவ?"

"தெரியலண்ணே." கர்ணன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "எங்க ஊரு ரோட்டுக்குக் கான்ட்ராக்டு எங்க மொதலாளிதேன். ரெண்டு தடவை போட்டாச்சு. குழிய நெரப்பாம மேல தாரு மட்டும் தெளிக்கிறது. ரெண்டு தடவையும் ரோட்டச் சோதிக்க வந்த அந்த மதுரை எஞ்சினீயர் சார் இதே காருல, கண்ணாடியக்கூட எறக்காமப் போயிட்டு வந்து, ரோடு மெத்தை மாதிரி இருக்குன்னு கையெழுத்துப் போட்டாக. நாளைக்கு மூணாவது தடவை."

சுந்தர்ராஜ் அடுக்கி வைத்த டயர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நாலு டயரும் வெடிப்பு விட்டுப்போச்சு, ஓட்டுனா ஆபத்துன்னு டயர்க்கடைக்காரருதேன் கழட்டுனாருன்னு சொல்லு" என்றார்.