கடைசி நிறுத்தத்தில் ஒத்திகை

நன்றி கேட்டுக் கேட்டே காது வலித்து, இரண்டு நாள் பஞ்சு அடைத்துக்கொண்டு திரிந்த பேருந்து ஓட்டுநர் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

சவரக்கடை பெஞ்சில் இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்காமல் மறுப்பவன் ஒரே ஒருவன். பதினாறு வருடம் என் வண்டியில் விசில் ஊதிய நடத்துநர். "இவன் அவிழ்த்து விடுறதுலயே பெரிய மூட்டை இதுதான்" என்பான்.

நான் விடுவதாயில்லை.

ஓய்வு பெறும் வாரம் அது. முப்பத்தோரு வருடத்தில் என் பெயரில் ஒரு புகார்கூடக் கிடையாது. பணிமனையில் என் கோப்பைத் திறந்தால் வெள்ளைத்தாள் பளபளத்துக் கண் கூசும், குமாஸ்தா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் திறப்பார். அதை அப்படியே கறை படாமல் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். வேறு ஆசை இல்லை.

திங்கட்கிழமை காலை அந்தப் பெண் ஏறினாள்.

ஏறினாள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். நிறுத்தத்தில், முன்னால் நிற்பவருக்கும் தனக்கும் நடுவே ஒரு ஆள் இடம் விட்டு நின்றாள். நம் ஊர் வரிசையில் இடம் விட்டால் சும்மா இருக்குமா? ஒரு கல்யாண கோஷ்டியே அதற்குள் புகுந்தது. அவள் கடைசி ஆளாக ஏறினாள்.

எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை அம்மாள், வயசென்ன, அப்பாவுக்கு என்ன வேலை, எப்போது கல்யாணம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டார். அவள் புன்னகைத்துவிட்டு, இன்றைக்கு வெயில் பரவாயில்லை என்றாள்.

பிறகு ஒரு நோட்டைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். எழுதினாள்.

கடைசி நிறுத்தத்தில் முன்படிக்கு வந்து என் அருகே நின்றாள். வாயைத் திறந்தாள். மூடினாள். இறங்கிப் போய்விட்டாள்.

செவ்வாயும் அப்படியே. புதனும்.

"மேலிடத்து ஆளுடா. மாறுவேஷத்துல வந்து உன்னைப் பத்தி எழுதிட்டுப் போகுது. நீ தொலைஞ்சே" என்று நடத்துநர் குளிர்காய்ந்தான்.

வியாழக்கிழமை நான் ஓட்டியது பேருந்தே அல்ல. விளிம்புவரை எண்ணெய் ஊற்றிய கிண்ணம். வேகத்தடைகளில் அனுமதி கேட்டு ஏறி, சொல்லிக்கொண்டு இறங்கினேன். ஒரு ஆமை என்னை முந்திப் போய், திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டது.

அப்படியும் அவள் எழுதினாள்.

வெள்ளி, என் கடைசி நாள். வண்டி நிறைய ஆட்கள். கடைசி நிறுத்தத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு, வருவது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

வந்து நின்றாள்.  

"ரொம்ப நன்றி அண்ணா."

ஐம்பத்தெட்டு வயதில் அண்ணா! அதற்கே நான் விழுந்து கும்பிட்டிருக்க வேண்டும். ஆனால் ஒன்றும் பிடிபடவில்லை. புகார் சொல்வதில் இது புது முறையோ?

"எதுக்கும்மா?"

நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை விமானம், கடல் தாண்டிப் படிக்கப் போகிறாள். அங்கே புழங்கும் விதங்களை ஏற்கெனவே போனவர்களிடம் கேட்டு எழுதிவைத்து, ஒவ்வொன்றாக என் வண்டியில் பழகியிருக்கிறாள். இடைவெளி விட்டு நில். சொந்த விஷயம் பேசாதே, வெயில் மழை பேசு. எல்லாவற்றுக்கும் எதிரே சரிக்குறி. ஒன்றுக்கு மட்டும் நான்கு பெருக்கல் குறிகள்.

'இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்.'

"இந்த ஒரு வார்த்தைக்கே வாய் வரலைன்னா, அங்க போய் யார்கிட்ட என்ன பேசப் போறேன்னு பயமா இருந்துச்சு" என்றாள்.

முப்பத்தோரு வருடம். 'நிறுத்து' கேட்டிருக்கிறேன். 'தூங்குறியா' கேட்டிருக்கிறேன். என் பரம்பரையை முழுக்க விசாரித்தவர்களும் உண்டு. இந்தச் சொல் மட்டும் வந்ததில்லை. எங்கேயோ ஒரு தேசத்தில் இதைத் தினமும் சும்மா சொல்லிவிட்டு இறங்குகிறார்களாம். அந்த தேசம் நன்றாக இருக்கட்டும்.

நான் மட்டும் லேசுப்பட்டவனா? காதில் கையைக் குவித்து, "இன்ஜின் சத்தத்துல சரியா கேக்கலம்மா, இன்னொரு தடவை" என்றேன்.

அணைந்திருந்த இன்ஜினைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். இந்த முறை ஜன்னல் கண்ணாடிகள் அதிரச் சொன்னாள். சரிக்குறி போட்டுக்கொண்டு, படிகளில் துள்ளி இறங்கினாள்.

அடுத்து வந்த பெரியவர், "நன்றிப்பா" என்றார். அவருக்குப் பின்னால் ரம்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு தச்சர். பிறகு ஒரு டீச்சர். வயசு கேட்ட அந்த அம்மாள், "நன்றி தம்பி. ஆனா நேத்து ரொம்ப மெதுவா ஓட்டுனே." இப்படியே நாற்பத்தேழு பேர். விரல் விட்டு எண்ணினேன்.

நான் இதைச் சொல்லி முடித்ததும் சவரக்கடைக்காரர் கத்தியை நிறுத்தினார். நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தவன் நடத்துநர்தான்.

"அண்ணே, நீங்களும் அன்னைக்கு அதே வண்டிதானே? உண்மையைச் சொல்லுங்க. நாற்பத்தேழு பேரா?"

நடத்துநர் கண்ணைத் திறக்கவில்லை.

"பொய்" என்றான். "அம்பத்திரண்டு."

நுரைக்குள்ளிருந்தே தொடர்ந்தான்.

"அந்தப் பொண்ணு ரெண்டாவது தடவை சொன்னது பின்சீட் வரைக்கும் கேட்டுச்சு. நான் பின்படியில குறுக்கே நின்னுக்கிட்டேன். டிரைவருக்கு இன்னைக்குக் கடைசி நாள், எல்லாரும் முன்னாடி போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்குங்கன்னேன்."

நுரையைத் துடைத்துக்கொண்டான்.

"கடைசி அஞ்சு பேர் சொன்னப்போ இவன் ஸ்டியரிங்ல முகத்தைப் புதைச்சுக்கிட்டு இருந்தான். எங்கேர்ந்து எண்ணியிருப்பான்?"